பங்குக் கிணற்றில் நாற்பது நாள்

நான் தங்கியிருந்த வீட்டில் உச்சிப்பொழுது வந்துவிட்டதைக் கடிகாரம் சொல்லாது. ஒரு மண்வெட்டி சொல்லும். கிணற்று மேட்டில் ஒருவர் மோட்டாரை நிறுத்துவார். தன் வாய்க்காலின் வாயை மண் இழுத்து அடைப்பார். மண்வெட்டியை ஈர மண்ணில் செங்குத்தாக நட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடப்பார். அவர் தன் வீட்டுப் படலைத் தாண்டிய பிறகுதான் கிழக்கு வீட்டிலிருந்து இன்னொருவர் கிளம்பி வந்து, நட்டிருக்கும் மண்வெட்டியைப் பிடுங்கி, தன் வாய்க்காலின் வாயைத் திறந்து வைப்பார். மறுநாள் இதே நேரத்தில் கிழக்கு வீட்டுக்காரர் நடுவார், மேற்கு வீட்டுக்காரர் பிடுங்குவார். இருவரும் ஒரு கணம்கூடச் சேர்ந்தாற்போல் மேட்டில் நிற்பதில்லை. முதல் நாள் பார்த்தபோது இது ஏதோ சடங்கு என்று நினைத்து, என் குறிப்பேட்டில் 'மண்வெட்டி நடுதல், தினமும், காரணம் கேட்க வேண்டும்' என்று எழுதி வைத்தேன். அவர்கள் அண்ணன் தம்பி என்பதும், இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்பதும், அந்தக் கிணறு இருவருக்கும் பாதிப் பாதி என்பதும் இரண்டாம் நாள்தான் தெரிந்தன.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே தொழில்நுட்பப் பள்ளியில் நில அளவை படித்துவிட்டு, கோயம்புத்தூருக்கு வந்து விவசாயக் கல்லூரியில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது நாள் ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பாசனத்தைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். மற்றவர்கள் சொந்த ஊருக்குப் போய் மாமா வீட்டில் தங்கிக்கொண்டார்கள். மாமாக்கள் எல்லோரும் கடலுக்கு அப்பால் இருந்த எனக்குப் பேராசிரியர் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். பொள்ளாச்சியிலிருந்து பஸ். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில் ஒருவர் ஏறி, மூட்டைகளை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். அதைத் தாண்டினால் கேரளம். பலகைகளில் எழுத்து மாறியது. பேச்சு மாறவில்லை. அன்று மாலை எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது: ரேஷன் அட்டை மலையாளம், பள்ளிக்கூடப் புத்தகம் மலையாளம், வரி ரசீது மலையாளம், சமையல், சண்டை, மாட்டை அதட்டுவது தமிழ், ரேடியோ காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்தது. நான்தான் வெளிநாட்டுக்காரி என்று நினைத்து வந்தேன். இவர்களைப் பார்த்தபோது, வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகராமலே ஒருவர் வேறு இடத்துக்குப் போய்விட முடியும் என்று தோன்றியது.

கிழக்கு வீட்டுக்காரர் ரங்கசாமி அண்ணன். அவர்தான் எனக்கு இடம் கொடுத்தவர், அந்த இருவரில் தம்பி; நான் இருவரையுமே அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அவர் மனைவி சரசு அக்கா. என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர், ஆனாலும் என்னை 'அம்மிணி' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிட்டார். முதல் வாரத்தில் சாணி தட்டிக்கொண்டே என்னை விசாரித்தார்.

"உங்கூர்ல கெணத்துல உங்களுக்கு எத்தன பங்குங் அம்மிணி?"

"எங்க ஊர்ல கிணறே இல்லக்கா."

அவர் கை நின்றது. "அய்யோ, தண்ணியில்லாத ஊர்லயா பொறந்தீங்க! அதான் இங்க அனுப்பிச்சுட்டாங்களாட்ட இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஈப்போவில் தண்ணீர் இல்லை என்று யாராவது சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கே மத்தியானம் மூன்று மணிக்கு மழை வராவிட்டால் மனிதர்கள் வாசலில் வந்து வானத்தைப் பார்ப்பார்கள். ஊரைச் சுற்றி, ஈயம் தோண்டி விட்டுப்போன பள்ளங்கள் எல்லாம் குளங்களாக நிற்கும். பச்சை நிறத்தில், ஆழம் தெரியாமல், யாருக்கும் சொந்தமில்லாமல். எங்களுக்கு அவற்றின் கரையில் நிற்கக்கூட அனுமதி கிடையாது. எங்கள் வகுப்புப் பையன் ஒருவனை அந்தக் குளங்களில் ஒன்று எடுத்துக்கொண்டது. என் அப்பா ஈயச் சுரங்கத்தில் பம்ப் ஓட்டுபவர். சுரங்கத்தை லம்பம் என்போம். லம்பத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைத்துக் கொட்டுவதுதான் இருபது வருடமாக அவர் வேலை. தண்ணீரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் அதை எப்படித் தொலைப்பது என்றுதான் வரும். இதை எல்லாம் சரசு அக்காவிடம் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, நம்பாத முகத்தோடு, "ஆருக்கும் பங்கில்லாத தண்ணியா? அப்பறம் அத எப்பிடிங் வாயில வெக்கறது?" என்றார். நான் இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: "பாம்பு திம்பாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

கிணறு நாற்பதடி ஆழம். மேலே கல்கட்டு, கீழே பாறை. கயிற்று ஏணி இல்லை. பாறையில் நீட்டிய படிக்கற்கள். முறை உச்சிக்கு உச்சி மாறும். ஒரு நாள் உச்சியிலிருந்து மறுநாள் உச்சி வரை அண்ணனுக்கு, அடுத்தது தம்பிக்கு. முறை முடியும்போது கிணற்றை அடிவரை இறைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அடுத்தவர் ஊறும் தண்ணீருக்குக் காத்திருந்து, மாலையிலும் மறுநாள் காலையிலும் மோட்டார் போடுவார். ரங்கசாமி அண்ணனிடம் கரும்பு நின்றது. இன்னும் இரண்டு மாதத்தில் வெட்ட வேண்டிய கரும்பு. மாசி மாதத்து வெயிலில் அதன் தோகை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. முன்பெல்லாம் தன் முறையில் மோட்டார் மொத்தம் ஐந்தரை மணி நேரம் ஓடும், இப்போது நாலரைதான் ஓடுகிறது என்றார். அந்த ஒரு மணி நேரத் தண்ணீரைத் தன் அண்ணன் நாச்சிமுத்துதான் எடுக்கிறார் என்பது அவருடைய கட்சி. 'திருடுகிறார்' என்று ஊரில் நாலு பேர் முன்னால் சொல்லியுமிருந்தார். அதோடு பேச்சு முடிந்தது. கரும்பு காய்ந்தால் ஒரு வருடம் போகும். அந்தச் சொல் நின்றால் இரண்டு குடும்பங்களும் போகும். இது நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் இருந்த நிலைமை.

அதில் நான் செய்த முதல் காரியம் தீயில் எண்ணெய் ஊற்றியது. வேண்டுமென்று அல்ல, பட்டியல் போடும் புத்தியால். நாலாம் நாள் நாச்சிமுத்து அண்ணன் மண்வெட்டி நட்ட நேரத்தை என் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன். மத்தியானச் சோற்றின்போது, மற்ற எண்களோடு சேர்த்து, அதையும் வாசித்தேன். "அவங்க முறை முடிஞ்சது பன்னிரண்டு முப்பத்திரண்டு."

ரங்கசாமி அண்ணன் கவளத்தைத் தட்டில் வைத்தார். "எத்தன?"

திரும்பச் சொன்னேன். அவர் கழுவாத கையோடு எழுந்து வெளியே போய், தொழுவத்துப் பக்கம் நின்று கத்தினார். அண்ணனிடம் பேசுவதில்லை அல்லவா, அதனால் தன் மாட்டிடம் பேசினார். "கேட்டுக்கடா செவல! அர மணி நேரம்! மலேசியாப் புள்ளையோட வாச்சே சொல்லுது! ரெண்டு வருசமா நாஞ் சொன்னா ஒருத்தனும் நம்புல, இப்ப வாச்சு சொல்லுது!"

பிறகு மேற்கு வீட்டிலிருந்து ஒரு பெண் குரல், அதுவும் எங்களிடம் அல்ல, தன் கோழியிடம். "ஏண்டி, மலேசியாவுல இருந்து வாச்சு வந்து சொன்னாத்தான் சூரியன் நவுருமாமா? முட்டையும் அதக் கேட்டுத்தான் வெப்பியா?"

மறுநாள் ரங்கசாமி அண்ணனுடைய முறை முடிந்தது. அவர் மண்வெட்டி நட்டபோது என் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்திரண்டு. மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய கவலைத் தூண் ஒன்று, மாடு கட்டி இறைத்த காலத்துக் கல், அங்கே இன்னும் நிற்கிறது. அதன் அடியில் பாவிய கல்லில் ஒரு கோடு கொத்தியிருக்கிறது. தூணின் நிழல் அந்தக் கோட்டோடு ஒட்டிக் கிடந்தது. அவர்களுடைய உச்சி சூரியனுடைய உச்சி. என் கடிகாரத்தில் இருந்தது இந்தியா முழுவதற்குமாகக் கிழக்கே வெகு தூரத்தில் ஒரு தீர்க்கரேகைக்கு வைத்த நேரம்; சூரியன் பாலக்காட்டு எல்லைக்கு வந்து சேர அரை மணி ஆகும். இதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஈப்போவிலும் கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போவதில்லைதான். ஆனால் அங்கே நிழலைப் பார்த்து யாரும் எதையும் பங்கு போட்டுக்கொள்வதில்லை. அதனால் அது எனக்குப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

ரங்கசாமி அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "செரிங் அம்மிணி, வாச்சு தப்பு. ஆனா எம்பட தண்ணி கொறஞ்சது நெசந்தான? அது எங்க போச்சு?"

"அது தெரியல அண்ணே. ஆனா அரை மணி நேரம்னு நேத்து சொன்னது..."

"சொன்னதத் திருப்பி முழுங்கச் சொல்றீங்களா?" என்றார். கோபமாக இல்லை. அது முடியுமா என்று உண்மையாகவே யோசிப்பவரைப் போலத்தான் கேட்டார். நான் சொன்னதை நானே போய் முழுங்கிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். மேற்கு வீட்டுக்குப் போகிறேன் என்றதும் சரசு அக்கா முகம் மாறியது. "போங்க, வேண்டாங்குல. ஆனா அங்க மோரு குடுப்பாங்க. குடிச்சிராதீங்க."

"ஏன்க்கா, ஏதாவது கலந்துடுவாங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங். தெய்வானக்கா மோரு ருசியா இருக்கும். அப்பறம் எம்பட மோரு உங்க தொண்டையில எறங்காது."

மேற்கு வீட்டு வாசலில் தெய்வானை அக்கா, அண்ணனின் மனைவி, கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கோழியிடம் பேசிய குரல் இவருடையதுதான். என் கையில் இருந்த அளவு நாடாவைப் பார்த்தார். "வாங்க வாங்க. தெனமும் அளவெடுக்கறீங்க, கெணத்துக்குச் சட்ட எப்பத் தெச்சு முடிப்பீங்க?" நான் சிரித்துவிட்டேன். மோர் வந்தது, குடித்தேன், சரசு அக்கா சொன்னது சரிதான். நாச்சிமுத்து அண்ணன் ஒரு மூலையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என் கடிகாரத்தின் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாச்சு என்ன பண்ணும். அது ஆபீசு நேரம் சொல்றது," என்றார். இரண்டு முறுக்குக் கழித்து, "அவன் திருடன்னு சொன்னது வாச்சு வர்றதுக்கு முந்தியே," என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து தன் வாய்க்காலைக் காட்ட அழைத்துப் போனார். அழகான சிமெண்ட் வாய்க்கால். கிணற்றின் மேற்குக் கரையை ஒட்டி உயரத்தில் ஓடி, வடக்கே திரும்பி, அவருடைய கடலைக்காட்டுக்குப் போகிறது. அதற்குப் பக்கத்திலேயே பழைய மண் வாய்க்காலின் தடம், புல் முளைத்துக் கிடந்தது. அபேட்சை கொடுத்து, அதாவது விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ஆபீசரை வரவழைத்து, அவர் சொன்ன அளவில் பூசியது என்றார். நான் அன்று என் அறிக்கைக்கு எழுதிய வரி: 'கசிவு இல்லை. பிறருக்கு நல்ல உதாரணம்.' எங்கள் வகுப்பில் மூன்று வாரம் கற்றுக்கொடுத்த பாடமே அதுதான்.

இதற்குப் பிறகு நான் இரண்டு வீட்டுக்கும் போய்வர ஆரம்பித்தேன். யாருடைய முறை நாளிலும் கிணற்று மேட்டில் நிற்க அந்த இடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் முடிந்தது. கிழக்கு வீட்டார் மேற்கு முறையில் அங்கே நின்றால் சந்தேகம்; மேற்கு வீட்டார் கிழக்கு முறையில் நின்றாலும் அப்படித்தான். நான் யாருக்கும் சேர்த்தி இல்லை என்பதால் என்னைக் காக்கையைப் போல விட்டுவிட்டார்கள். மணிக்கு ஒரு தடவை நாடாவில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டம் எடுத்தேன். பத்து நாளில் ஒன்று தெளிவாயிற்று. நாச்சிமுத்து அண்ணனின் முறையில் ஊறுவதும் ரங்கசாமி அண்ணனின் முறையில் ஊறுவதும் ஏறக்குறைய சரிசமம். இருவருக்கும் நாலரை மணி நேரம்; மேற்கு வீட்டில் முன்பும் அவ்வளவுதான் என்றார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை. அப்படியானால் முன்பு தம்பிக்கு மட்டும் வந்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

படிக்கற்களில் பாதிவரை இறங்கிப் பார்த்தேன். மேற்குச் சுவரில், இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, கல்லிடுக்கில் ஒரு பழைய ஊற்றுக்கண் இருந்தது. அதைச் சுற்றிச் செடிகள் முளைத்திருந்த அடையாளம். இப்போது எல்லாம் காய்ந்து, தொட்டால் பொடிந்தன. பாசி கறுத்துச் சுருண்டு கிடந்தது. மற்ற சுவர்களில் பாசி பச்சையாகவே இருந்தது. மேலே ஏறி வந்து பார்த்தால் அந்த இடத்துக்கு நேர் மேலே ஓடுவது நாச்சிமுத்து அண்ணனின் சிமெண்ட் வாய்க்கால்.

தெய்வானை அக்காவிடம், பூசியது எப்போது என்று கேட்டேன். "எம் பெரிய புள்ள கண்ணாலத்துக்கு முந்துன மாசம். பந்தக்கால் நடறப்பக்கூட ஈரங் காயல." வீட்டுக்கு வந்து சரசு அக்காவிடம், தண்ணீர் குறைந்தது எந்த வருடம் என்று கேட்டேன். "அந்தக் கண்ணாலத்து வருசந்தான். அதுலதான பேச்சுவார்த்த அத்துப் போச்சு. அந்தப் புள்ளைய இடுப்புல தூக்கி வளத்துனவ நான். கட்டறதுக்குன்னு எடுத்த சேல மடிப்புக் கலையாமக் கெடக்குது," என்றவர், பேச்சை அங்கேயே விட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போனார். உலை இன்னும் வைக்கவே இல்லை.

உறுதி செய்ய ஒரு சோதனை வேண்டும். நாச்சிமுத்து அண்ணன் கொல்லங்கோட்டுக்குச் சந்தைக்குப் போன நாள் அவருடைய முறை. தெய்வானை அக்காவிடம் அன்று காலைத் தண்ணீரை மட்டும் பழைய மண் வாய்க்கால் வழியாக விட முடியுமா என்று கேட்டேன். "எதுக்குங்?" என்றார். "தெரியலக்கா, அதனாலதான்," என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப் போயிற்று. காலையிலிருந்து உச்சி வரை தண்ணீர் புல்லுக்குள் சலசலத்து ஓடியது. உச்சிக்கு முறை மாறியது. மூன்று மணிக்கு மேற்குச் சுவரின் கல் கறுத்தது. நாலரைக்கு அந்த இடுக்கில் ஒரு நூல் கீழே இறங்கியது. தெய்வானை அக்கா எங்கள் முறையில் மேட்டுக்கு வரமாட்டார். தன் வாய்க்காலின் மேல் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "இதென்னங், சொவரு அழுகுது?"

சொன்னேன். உங்கள் பழைய வாய்க்கால் ஒழுகியது. ஒழுகியது கிணற்றுக்கே திரும்பி வந்தது. வந்து சேர அரை நாள் பிடித்ததால் அது உங்கள் கொழுந்தனார் முறையில் விழுந்தது. சிமெண்ட் பூசியதும் நின்றது. கிழக்கு வாய்க்கால் கீழ்நோக்கிப் போவதால் அங்கே ஒழுகுவது திரும்புவதில்லை. அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப இத்தன வருசமா எங்க தண்ணியத்தான் அவங்க கரும்புக்குப் பாச்சுனாங்களா?"

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஒரு வீட்டின் மேல் இருந்த பழியை நான் துடைத்தேன் என்று நினைத்தேன். துடைத்த துணியை இன்னொரு வீட்டின் மேல் போட்டிருக்கிறேன். வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. அளந்தவள் என்ற முறையில் ரங்கசாமி அண்ணனிடமும் அதையே, ஒரு எண்ணையும் மாற்றாமல் சொன்னேன். அவர் வெகுநேரம் கரும்பைப் பார்த்தார்.

"இத அவர்கிட்டச் சொல்லீராதீங்க அம்மிணி."

"தெய்வானை அக்காவுக்குத் தெரியும்ணே."

"செரியாப் போச்சு," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் மேற்கு வீட்டிலிருந்து கோழியிடம் யாராவது பேசுவார்கள் என்று நாங்கள் மூவரும் காது கொடுத்துக்கொண்டே இருந்தோம். கோழி மட்டும்தான் பேசியது. அங்கிருந்து யாராவது முறுக்கிக்கொண்டு கத்தியிருந்தால் ரங்கசாமி அண்ணன் தாங்கியிருப்பார். சத்தமில்லாமல் இருந்தது அவரைக் கரைத்தது. "திருடன்னு சொன்னப்ப அவுரு எப்பிடி இருந்திருப்பாருன்னு இப்பத் தெரியுது," என்று சரசு அக்காவிடம் சொன்னாராம். சரசு அக்கா அதை என்னிடம் சொன்னார். நான் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை மேற்கே கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓடினேன். நாச்சிமுத்து அண்ணன் தன் வாய்க்காலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "வாங்க அளவுக்காரம்மா. எங்க இருந்து எங்க வரைக்கும் ஒடச்சாப் போதும்? முழுசும் ஒடைக்க எனக்கு முடியாது, எங் கடலக்காயும் பொழைக்கோணும்."

"அண்ணே, இது நல்ல வாய்க்கால்ணே," என்றேன். எனக்கே என் குரல் ஆபீசர் குரலாகக் கேட்டது.

"நல்ல வாய்க்காதான். ஆரு இல்லைன்னா?" கடப்பாரையை ஊன்றினார். "எங்கப்பன் காலத்துலயும் ஒழுகிச்சு. நாங்க ஆரும் செத்துப் போகுல. காட்டுங்க."

சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். ஊற்றுக்கண்ணுக்கு நேர் மேலே, பன்னிரண்டு அடி. சிமெண்ட் வாய்க்கால் கட்டச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கே உடைக்க வேண்டும் என்று அளந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவர் தம்பி வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல், பன்னிரண்டு அடியையும் கொத்தி எடுத்து, சில்லுகளை ஓரமாக அடுக்கி வைத்தார்.

தண்ணீர் அவசரப்படவில்லை. இரண்டு முறைகள் கடந்தன. மண் குடிக்க வேண்டியதைக் குடித்த பிறகு, ரங்கசாமி அண்ணனின் முறையில் மோட்டார் நாலே முக்கால் மணி ஓடியது. அடுத்ததில் ஐந்து. அந்த முறை முடியும் உச்சிப்பொழுதில் அவர் மோட்டாரை நிறுத்தினார், வாயை அடைத்தார், மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். போகவில்லை. மேற்கே படலைத் திறந்த நாச்சிமுத்து அண்ணன், மேட்டில் ஆள் நிற்பதைப் பார்த்துத் தயங்கினார். பிறகு வந்தார். நான் நாடாவும் கையுமாக ஓரத்தில் இருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

"ண்ணா."

பெரியவர் தூணின் நிழலைப் பார்த்தார்.

"வாய்க்கா ஒடஞ்சு கெடக்குது. எங்கூட்டுல அர மூட்ட சிமிட்டி இருக்குது. பூசித் தந்தரட்டுமா?"

காற்று கரும்பில் புகுந்து போனது. தனக்கு நட்டம் என்று தெரிந்தே தம்பி கேட்டது அது. அந்தப் பன்னிரண்டு அடியைப் பூசினால் அவருடைய தண்ணீர்தான் நிற்கும். மன்னிப்பு என்ற சொல் அந்த வீடுகளில் புழங்கி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இதற்கு மேல் அது என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"கெடக்கட்டும்டா," என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

என் அறிக்கையில் எல்லா எண்களும் இருந்தன, உடைத்ததும் இருந்தது. பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால், 'வாய்க்காலை உடைப்பது எந்த வகையில் முன்னேற்றம்?' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார். நான் இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை. ஈப்போவில் இருந்திருந்தால், ஒழுகும் குழாயைப் பார்த்ததும் அது வீண் என்றுதான் எழுதியிருப்பேன். யாருக்கும் பங்கில்லாத தண்ணீரின் நடுவே வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றாது. இங்கே அது போய்ச் சேர்ந்த இடத்தைக் கேட்க வேண்டியிருந்தது.

கடைசி ஒன்பது நாட்களில் எனக்கு வேலை குறைந்துவிட்டது. அதுவரை 'அங்க சொல்லுங்க' என்று கிழக்கிலிருந்தும் 'அவங்ககிட்டக் கேளுங்க' என்று மேற்கிலிருந்தும் வந்த சின்னச் சின்னச் செய்திகளை நான்தான் சுமந்தேன். இப்போது அவர்களே கூவிக்கொண்டார்கள். மேட்டில் நான் அளக்கும்போது இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து நின்று மாட்டைப் பற்றியும் விதைக் கடலையைப் பற்றியும் பேசினார்கள். சில சமயம் என் கைக்கு இடம் வேண்டும் என்று நான்தான் அவர்களை நகரச் சொல்ல வேண்டியிருந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அதற்கு என்னிடம் பட்டியலில் தலைப்பு இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் ஈப்போவிலிருந்து தங்கையின் கடிதம் வந்தது. என் கட்டிலையும் அவள் கட்டிலையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு அகலமாகப் படுப்பதாகவும், நான் வரும்போது பிரித்துத் தருவதாகவும் எழுதியிருந்தாள்.

என்னை வழியனுப்ப சரசு அக்காவும் தெய்வானை அக்காவும் கோவிந்தாபுரம் வரை வந்தார்கள். பஸ் வர நேரமாகும் என்று கடை முன்னால் இருந்த ஒரு பலகையில் உட்கார்ந்தோம், நான் நடுவில். இரண்டு வருடத்துப் பேச்சு பாக்கி இருந்தது அவர்களுக்கு. கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள், மாப்பிள்ளை வீட்டில் எப்படி நடத்துகிறார்கள், பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம். என் முகத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துப் பேசினார்கள். நான் கொஞ்சம் பின்னால் சாய்ந்து கொடுத்தேன். "அங்க போய் எங்கள நெனப்பீங்களா?" என்று சரசு அக்கா கேட்டார். எங்கே என்று கேட்க நினைத்தேன், கோயம்புத்தூரா, ஈப்போவா? அதற்குள் பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, கையசைக்கத் திரும்பினேன். அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் எழுந்த இடத்தில் இரண்டு பேரும் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நகர்ந்த சத்தத்தில்தான் நிமிர்ந்தார்கள்; இரண்டு பேருடைய கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அந்தப் பலகையில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று பார்த்தேன். தெரியவில்லை.